கபச்சுரப்பி

"எத்தன எம்எம்மு?"

பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். சென்னையில் ஒரு மருத்துவமனையின் சின்ன அறை. மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் கட்டி வளர்ந்திருக்கிறது என்று எம்ஆர்ஐ படத்தைத் திரையில் காட்டி டாக்டர் சொல்லி முடித்திருந்தார். கேன்சரா, உயிருக்கு ஆபத்தா, எவ்வளவு செலவாகும், இதில் எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஏலக்காய் ஸ்டோரில் இருபது வருஷம் காய் தரம் பிரித்தவருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. ஏலக்காயில் எல்லாமே எம்எம்தான். 8 எம்எம் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிற காய்க்கு வேறு விலை.

டாக்டர் சிரிக்கவில்லை. "இருபத்திரெண்டும்மா. பத்துக்குள்ள இருந்தா சின்னதுன்னு சொல்லுவோம். அதுக்கு மேல போனா பெருசு."

"அப்ப பெருவெட்டுதான்" என்றார் பெரியம்மா.

கட்டி இல்லாத சுரப்பியே கிட்டத்தட்ட ஒரு நல்ல ஏலக்காய் அளவுதான் இருக்கும் என்று பிறகு படித்தேன். எடை அரை கிராம். மூக்குக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், எலும்பாலான ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழிக்கு உடற்கூறியலில் 'துருக்கிச் சேணம்' என்று பெயர். குதிரைச் சேணம் மாதிரி இருப்பதால். அதற்கு ஒரு விரற்கடை மேலே, இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. சுரப்பி வீங்கி மேலே எழும்பினால் முதலில் இடிபடுவது அந்தக் குறுக்குச்சந்துதான். அப்போது பார்வை முழுதாகப் போவதில்லை. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் மட்டும் மறைகிறது. வண்டி மாட்டுக்குக் கண்பட்டை கட்டியது போல, நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது.

பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். தங்கச்சி வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் பந்தல் கல்தூணில் தோளை இடித்துக்கொள்வார். வயசாச்சு, புரை விழுந்திருக்கும் என்று நாங்களே முடிவு செய்து மதுரைக்குக் கண் காட்ட அழைத்துப் போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர், தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் விரலை ஆட்டி, "எத்தனை விரல்மா?" என்று கேட்டார். பெரியம்மாவுக்கு விரலே தெரியவில்லை. டாக்டர் கண்ணை விட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "இவங்களோட பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. கண் டாக்டருக்குப் பழைய போட்டோ எதுக்கு?

போனில் என் அக்கா கல்யாணப் படம் ஒன்று இருந்தது, 2008-ல் எடுத்தது. டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பெரியம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். என் வேலையில் 'டிஃப்' என்று ஒன்று உண்டு. ஒரே கோப்பின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும். அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது அதுதான். தாடை முன்னே வந்திருந்தது. மூக்கு அகன்றிருந்தது. புருவ எலும்பு மேடிட்டிருந்தது. உதடு தடித்திருந்தது. பதினோரு வருஷம் ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்த முகம். எனக்கு ஒருமுறைகூட உறைக்கவில்லை.

நோயின் பெயர் அக்ரோமெகலி. கட்டி, வளர்ச்சி ஹார்மோனை நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கிறது. சின்ன வயதில் வந்தால் ஆள் எட்டடிக்கு வளர்வார். எலும்பு நீள்வது நின்ற பிறகு வந்தால் கை, பாதம், தாடை, நாக்கு, உள்ளுறுப்புகள் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். நோய் தொடங்கியதற்கும் கண்டுபிடிக்கப்படுவதற்கும் நடுவே ஐந்து, பத்து வருஷம் ஓடிவிடுவது உலகம் முழுக்கச் சாதாரணம்.

அந்த வருஷங்களில் பெரியம்மாவுக்கு என்னவெல்லாம் நடந்தது என்று இப்போது பட்டியல் போட முடிகிறது. மோதிரம் கழலாமல் பத்தர் அறுத்து எடுத்தார். பல்லுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. வேர்வை ஆறாக ஊற்றியது. போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்கண்ணே" என்பார்கள். சர்க்கரை வந்தது, அதற்கு ஒரு டாக்டர். பிரஷர் வந்தது, அதற்கு வேறொருவர். மூட்டுவலிக்கு மூன்றாமவர். ஆளுக்கொரு மாத்திரை. செருப்புக் கடையில் பெண்கள் அளவில் எதுவும் பொருந்தாமல் ஆண்கள் செருப்பு வாங்கப் போனபோது கூட இருந்தது நான். "பெரியப்பா செருப்பத் தூக்கிப் போட்டிருக்க வேணாம் பெரியம்மா, இப்ப உங்களுக்கு ஆகியிருக்கும்" என்று சொன்னேன். அவரும் சிரித்தார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்தக் கட்டுரைக்கான வாசிப்பு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. கண்முன்னால் இருப்பதைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். மருத்துவமும் இந்தச் சுரப்பி விஷயத்தில் கிட்டத்தட்ட என்னைப் போலவே இருந்திருக்கிறது, அதுவும் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல்.

*

பள்ளிப் பாடப்புத்தகத்தில் 'பிட்யூட்டரி சுரப்பி' என்று படித்திருப்போம். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இதற்குக் 'கபச்சுரப்பி' என்றும் ஒரு பெயர் உண்டு. கபம், அதாவது சளி. மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பிக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அது ஒரு பழைய தவறின் மிச்சம்.

இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர், மூளை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு ஒரு புனல் வழியாக இந்தச் சுரப்பிக்குள் இறங்கி, அங்கிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் சளியாக வடிகிறது என்று விளக்கினார். உடலைத் திறந்து பார்த்தால் உண்மையாகவே அங்கே புனல் மாதிரி ஒரு காம்பு இருக்கிறது. கீழே மூக்கு இருக்கிறது. மூக்கில் சளி வருகிறது. யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? 1543-ல், கேலனின் பல தவறுகளைத் திருத்திய வெசேலியஸ்கூட இதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மூளையின் சளியைப் பெறும் சுரப்பி என்று லத்தீனில் எழுதினார். 'பிட்யூட்டா' என்றால் லத்தீனில் சளி. பிட்யூட்டரி வந்தது அதிலிருந்துதான். அதை நாம் விசுவாசமாகத் தமிழாக்கிக் கபச்சுரப்பி ஆக்கினோம். வாத, பித்த, கபம் என்று யோசித்துப் பழகிய நம் ஊருக்கு அந்தப் பெயர் அந்நியமாகவும் படவில்லை.

1660களில் ஜெர்மனியின் ஷ்னைடர், சளி மூக்கின் உட்சவ்வில்தான் உண்டாகிறது, மூளையிலிருந்து வரவில்லை என்று காட்டினார். 1672-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோவரும் மூளைக்கும் மூக்குக்கும் நடுவே அப்படியொரு வழியே கிடையாது என்று நிறுவினார். கருத்து செத்துவிட்டது, பெயர் பிழைத்துக்கொண்டது. மென்பொருளில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். யாரோ எப்போதோ தப்பாகப் பெயர் வைத்த ஒரு மாறி, அது செய்யும் வேலைக்கும் பெயருக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் ஆயிரம் இடத்தில் பயன்படுத்தியாகிவிட்டது, மாற்றினால் எது உடையுமோ என்று யாரும் கைவைக்க மாட்டார்கள்.

சளி வேலை பறிபோன பிறகு இருநூறு வருஷம் இந்தச் சுரப்பிக்கு வேலையே இல்லை. குடல்வால் மாதிரி, பரிணாமத்தின் மிச்சசொச்சம் என்று விட்டுவிட்டார்கள். நடுநடுவே பிணப்பரிசோதனையில் அது வீங்கியிருப்பதைப் பார்த்துக் குறித்து வைத்தவர்கள் உண்டு. ஆனால் குறித்து வைப்பது வேறு, பார்ப்பது வேறு.

1886-ல் பாரிஸில், சார்கோவின் கீழ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் வேலை பார்த்த பியர் மரி என்ற இளம் மருத்துவர், கையும் காலும் முகமும் பெருத்துப்போன இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார். பழைய நூல்களில் அங்கங்கே சிதறிக் கிடந்த இதே போன்ற நோயாளிகளையும் சேர்த்து, இது தனி நோய் என்று சொல்லி அக்ரோமெகலி என்ற பெயரையும் கொடுத்தார். முனைகள் பெருத்தல் என்று பொருள். (எங்கள் ஊர்க்காரர்களுக்கு 1886 வேறு காரணத்துக்காக மனப்பாடம். பெரியாறு அணைக்கான 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது அந்த வருஷம் அக்டோபர் 29-ல். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் நெல்லும் அந்தத் தண்ணீரில் நிற்கின்றன.)

பெயர் கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. இறந்த நோயாளிகளின் மண்டையைத் திறந்தால் அந்தச் சுரப்பி பெருத்திருந்தது. 1887-ல் மின்கோவ்ஸ்கி இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். ஆனால் எப்படிப்பட்ட தொடர்பு? கட்டி வந்து சுரப்பி கெட்டுப்போனதால் உடம்பு பெருக்கிறதா? அல்லது சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் பெருக்கிறதா? மரி முதல் பக்கம் சாய்ந்தார். ஒரு சேவையகம் மெதுவாகிவிட்டால் நாங்கள் அடித்துக்கொள்ளும் சண்டை இதேதான். வேலை வரவில்லையா, வேலை அதிகமாகிவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். 1900-ல் பெர்லினின் பெண்டா நுண்ணோக்கியில் பார்த்து, இந்தக் கட்டிகள் சுரப்பியின் ஒருவகைச் செல்களே பெருகி உண்டானவை என்று காட்டினார். அதிகச் சுரப்பு என்ற பக்கம் கனம் கூடியது. முடிவாகத் தெரியவேண்டுமென்றால் ஒரே வழிதான். உயிரோடிருக்கும் ஒருவரின் கட்டியை எடுத்துப் பார்க்கவேண்டும். எடுத்த பிறகு நோய் குறைந்தால், அது அதிகச் சுரப்புதான்.

*

அந்த இடத்துக்குக் கத்தியோடு எப்படிப் போவது?

மேலிருந்து போனால் மூளையைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பல நேரம் மரணம். 1907-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர், கீழிருந்து போனார். மூக்கையே வெட்டி ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, பின்னாலிருக்கும் எலும்பறையைத் துளைத்துச் சேணத்தை அடைந்தார். நோயாளி சில வாரங்கள் நலமாக இருந்து, பிறகு இறந்துபோனார். ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 1910-ல் வியன்னாவின் ஆஸ்கர் ஹிர்ஷ் என்ற மூக்கு மருத்துவர், முகத்தில் வெட்டே இல்லாமல் நாசித்துளை வழியாகவே உள்ளே போனார். கேலன் சொன்ன, இல்லாத அந்தப் பாதையை அறுவை மருத்துவர்கள் ஒருவழியாக வெட்டிவிட்டார்கள். திசை மட்டும்தான் தலைகீழ்.

அதே நேரத்தில் அமெரிக்காவில் ஹார்வி குஷிங். நவீன மூளை அறுவை மருத்துவத்தின் தந்தை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும் ஆள். 1909-ல் அக்ரோமெகலி நோயாளி ஒருவரின் சுரப்பியில் ஒரு பகுதியை எடுத்தார். நோயாளி தேறினார். அதிகச் சுரப்புதான் காரணம் என்ற வாதத்துக்கு அது பெரிய ஆதாரமானது. 1912-ல் இந்தச் சுரப்பியின் நோய்களைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூல்தான் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தது. 1910க்கும் 1925க்கும் நடுவில், மேலுதட்டுக்கு அடியில் கீறி மூக்கின் பின்வழியாக 231 அறுவைகள் செய்தார். இறப்பு 5.6 சதவீதம். ஆன்டிபயாடிக் இல்லை, ஸ்கேன் இல்லை, நெற்றியில் கட்டிய ஒரு விளக்கு மட்டும். அந்த எண்ணை நான் மூன்று முறை திரும்பப் படித்தேன்.

குஷிங்கை எனக்கு முழுதாகப் பிடிக்கிறது என்று சொல்ல முடியாது. ராட்சத உயரமுள்ள ஒரு நோயாளி இறந்தபோது, உடலைத் திறக்கக் குடும்பம் சம்மதிக்கவில்லை. குஷிங்கின் உதவியாளர்கள் ஈமச்சடங்கு நடத்துபவருக்குப் பணம் கொடுத்து, சடங்குக்கு முன் ரகசியமாகச் சுரப்பியை எடுத்து வந்தார்கள். இந்த நோயின் வரலாற்றில் இது புதிதுமில்லை. அயர்லாந்தின் சார்ல்ஸ் பைர்ன், உயரத்தை லண்டனில் காட்சிக்கு வைத்துப் பிழைத்தவர், 1783-ல் 22 வயதில் இறந்தார். டாக்டர்கள் கையில் சிக்கக்கூடாது, கடலில் போட்டுவிடுங்கள் என்பது அவருடைய கடைசி ஆசை. ஜான் ஹன்டர் என்ற மருத்துவர் பணம் கொடுத்து உடலை வாங்கி, எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் வைத்தார். 1909-ல் குஷிங்கும் ஆர்தர் கீத்தும் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தார்கள். சேணக்குழி பெருத்திருந்தது. 2011-ல் அவருடைய பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இன்றும் வட அயர்லாந்தில் சில குடும்பங்களில் இருக்கும் அதே மரபணு மாற்றம் அவருக்கும் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே உதவும் கண்டுபிடிப்பு. பைர்னின் எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுப்பதாக அருங்காட்சியகம் அறிவித்தது 2023-ல்தான். கடலுக்கு அவர் இன்னும் போகவில்லை.

குஷிங் பக்கத்துக்கு வரவு வைக்க வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. மேரி ஆன் பெவன் என்று லண்டனில் ஒரு செவிலி. கல்யாணமாகி நான்கு குழந்தைகள். முப்பதுகளில் அக்ரோமெகலி வந்தது. 1914-ல் கணவர் இறந்துபோனார். முகம் மாற மாற வேலை கிடைக்காமல், உலகின் மிக அசிங்கமான பெண் என்ற பட்டத்தோடு நியூயார்க்கில் சர்க்கஸ் காட்சிப்பொருளாக நின்று குழந்தைகளை வளர்த்தார். 1927-ல் டைம் பத்திரிகை அவருடைய படத்தைக் கேலியாகப் போட்டது. குஷிங் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பெண் பார்க்க லட்சணமாக இருந்தவர், இவருக்கு இருப்பது ஒரு நோய், தாங்க முடியாத தலைவலியும் மங்கும் பார்வையும் கூடவே உண்டு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்ற பொருளில். பெவன் 1933-ல் இறந்தார். இந்த நூற்றாண்டில்கூட அவர் படத்தைப் போட்டு வேடிக்கையாக ஒரு வாழ்த்து அட்டை வந்தது. ஒரு டாக்டர் புகார் கொடுத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

பெவனின் இளவயதுப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்த அன்று எனக்குச் செருப்புக் கடை ஞாபகம் வந்தது.

*

1920களின் இறுதியில் குஷிங் மூக்கு வழியைக் கைவிட்டு மண்டை வழிக்கே திரும்பினார். பெரிய கட்டிகளை மேலிருந்து நன்றாகப் பார்த்து எடுக்க முடிந்தது, அதுவும் இப்போது பாதுகாப்பாக. தலைவர் விட்டதும் உலகமே விட்டது. நல்ல ஒரு நுட்பம் அப்படியே அழிந்திருக்கவேண்டியது. வியன்னாவில் ஹிர்ஷ் விடாமல் செய்துகொண்டிருந்தார், 1938-ல் நாஜிகளால் அவரும் அமெரிக்காவுக்கு ஓட நேர்ந்தது. குஷிங்கிடம் கற்றுப்போன நார்மன் டாட் எடின்பரோவில் தொடர்ந்தார். 1950களில் பாரிஸிலிருந்து வந்த ஜெரார் கியோ அதை டாட்டிடம் பார்த்துக் கற்றார். கியோவிடம் வந்து கற்றவர் மாண்ட்ரியலின் ஜூல்ஸ் ஹார்டி. ஹார்டி 1960களில் அறுவை நுண்ணோக்கியை அதோடு சேர்த்தார். சுரப்பியை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் பிரித்தெடுப்பது சாத்தியமாயிற்று. 10 எம்எம்முக்குக் கீழே சின்னது, மேலே பெரியது என்ற சல்லடையும் ஹார்டி போட்டதுதான். உலகமே பயன்படுத்தும் சில மென்பொருள் நூலகங்களை யாரோ ஒருவர் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பராமரித்துக்கொண்டிருப்பார். டாட் அந்த மாதிரி ஆள்.

இந்தப் பரம்பரையின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கு வருகிறது, அதுவும் மாண்ட்ரியல் வழியாக. குஷிங்கிடம் பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் வைல்டர் பென்ஃபீல்ட். மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை உருவாக்கியவர். பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, கோட்டயத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். அடுத்த வருஷமே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர், இங்கிலாந்தில் நியூகாசிலில் ரௌபாதமிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், வயது முப்பதுகூட ஆகவில்லை. 1951-ல் இவர்கள் இருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்களோடு சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை உருவாக்கினார்கள். நாட்டுக்கே நாலு பேர்.

அதுவரை இங்கே மூளைக்கட்டி என்றால் என்ன வழி இருந்தது என்று யோசித்தால் பகீரென்கிறது. 1949 இன்னொரு விதத்திலும் சரியான நேரம். கார்ட்டிசோன் மருந்தாகப் பயன்படும் என்று அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது அந்த வருஷம்தான். பிட்யூட்டரி அறுவைக்குப் பிறகு சுரப்பி வேலைநிறுத்தம் செய்தால், அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போகாது, ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி இறந்துபோவார். அறுவை நன்றாக முடிந்து, இரண்டு நாள் கழித்துக் காரணம் புரியாமல் நடந்த சாவுகள் அவை. கார்ட்டிசோன் கைக்கு வந்த பிறகு அவற்றைத் தடுக்க முடிந்தது.

ஆனாலும் கட்டி இருப்பது எப்படித் தெரியும்? மண்டையின் எக்ஸ்ரேயில் சேணக்குழி அகன்றிருந்தால் தெரியும். இல்லாவிட்டால் முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் காற்றை ஏற்றி, அது மூளைக்குள் ஏறிப் பரவுவதைப் படம் எடுப்பார்கள். அமெரிக்காவின் டேண்டி 1919-ல் கண்டுபிடித்த முறை, சிடி ஸ்கேன் வரும்வரை அதுதான் கதி. தலைவலி உயிரைப் பிடுங்கும் என்பார்கள். இந்திய மருத்துவர்கள் இந்தக் கட்டிகளைப் பற்றி எழுதியதில் ஒரு குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது: நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள், கட்டி பெரிதாக இருக்கிறது, பார்வை ஏற்கெனவே மங்கியிருக்கிறது. மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப்பில் ஏறிப் போகிற பெண்களுக்குக் கண் மங்கினால் அது வயசு, உடம்பு பெருத்தால் அது வீட்டுச் சாப்பாடு.

*

பாடப்புத்தகம் இந்தச் சுரப்பிக்கு இன்னொரு பட்டமும் கொடுத்திருக்கும்: நாளமில்லாச் சுரப்பிகளின் தலைவன். அதுவும் நிலைக்கவில்லை. 1952-ல் ஜெஃப்ரி ஹாரிஸும் யாகப்சனும் எலிகளின் பிட்யூட்டரியை எடுத்து மூளையின் வேறு ஓரிடத்துக்கு அடியில் நட்டுப் பார்த்தார்கள். சும்மா கிடந்தது. ஹைபோதலாமஸுக்கு அடியில் நட்டவை மட்டும் வேலை செய்தன. மேலேயிருந்து ரத்தக்குழாய் வழியாக உத்தரவு வருகிறது, இது தலைவன் இல்லை, மேஸ்திரி. அந்த உத்தரவு எந்த வேதிப்பொருள் என்று கண்டுபிடிக்க கியமனும் ஷாலியும் தனித்தனியாக, ஒருவரையொருவர் முந்தப் பார்த்துக்கொண்டு, லட்சக்கணக்கில் ஆட்டு மூளையையும் பன்றி மூளையையும் அரைத்தார்கள். 1977-ல் நோபல் பரிசு. அந்தப் பரிசின் மறுபாதியைப் பெற்றவர் ரோசலின் யாலோ. ரத்தத்தில் மிகமிகச் சிறிய அளவில் இருக்கும் ஹார்மோனையும் அளக்கும் முறையை உருவாக்கியவர். என் கணக்கில் பெரியம்மாவுக்கு அதிகம் உதவியது யாலோதான். அவருக்கு முன்னால் அக்ரோமெகலியை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும், அவருக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய்ச் சொட்டு போதும். ஆனால் அந்தச் சொட்டை எடுக்கச் சொல்ல, முதலில் யாராவது முகத்தைப் பார்த்தாகவேண்டும்.

இந்த வட்டாரக் கட்டிகள் எல்லாம் ஒன்றில்லை என்பதையும் சொல்லவேண்டும். புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தியே வேண்டாம். கார்ட்டிசால் ஏறும் வகையில் குஷிங்கின் பெயரே ஒட்டிக்கொண்டது. கருவில் சுரப்பி உருவாகும்போது வாயின் கூரையிலிருந்து ஒரு பை மேலே ஏறி வரும். ராத்கே 1838-ல் விவரித்தது. அதன் எச்சத்திலிருந்து குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு கட்டி வரும் என்று 1904-ல் வியன்னாவின் எர்ட்ஹைம் கண்டறிந்தார். புற்று இல்லை, ஆனால் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் அறுவை மருத்துவர்களை வியர்க்கவைப்பது அதுதான். பெரியம்மாவுக்கு அது இல்லை என்று சொன்னபோது ஏன் அந்த டாக்டர் பெருமூச்சு விட்டார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

அறுவை மூக்கு வழியாகத்தான் நடந்தது, எண்டோஸ்கோப் வைத்து. முகத்தில் ஒரு கீறல் இல்லை. வார்டுக்கு வந்ததும் நர்ஸ் சொன்னார்: மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், குனிந்து பாரம் தூக்கக்கூடாது, மூக்கிலிருந்து தெளிந்த தண்ணியாக ஏதாவது வடிந்தால் உடனே கூப்பிடவேண்டும். அது மூளையைச் சுற்றியிருக்கும் நீர். கேலன் சொன்னது நடக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அது, மூளையிலிருந்து மூக்குக்கு. நான் இதைப் பெரியம்மாவிடம் சொல்ல ஆரம்பித்து, ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரேக்க வைத்தியர் என்று இழுத்தேன்.

"தம்பி, எனக்குச் சளி பிடிச்சிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் வேர்வை குறைந்தது. சர்க்கரை மாத்திரை பாதியானது. விரல் கொஞ்சம் மெலிந்தது, சதை வற்றும், எலும்பு வற்றாது. தாடை அப்படியேதான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பார்வை இடது பக்கம் நன்றாகத் திரும்பியது, வலது பக்கம் அரைகுறை. ஹார்மோன் அளவு முழுசாக இறங்காததால் மாசம் ஒரு ஊசி. பந்தலுக்குள் இப்போது வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கிறார்.

மூன்றாவது மாசப் பரிசோதனைக்குப் போனபோது, மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் பெரியம்மாவின் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். ஒரு படிவம் கொடுத்து, விருப்பமில்லாவிட்டால் கையெழுத்துப் போடவேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு பைர்னும் பெவனும் ஞாபகத்துக்கு வந்தார்கள், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பெரியம்மா படிவத்தை நேராகப் பிடித்துக் கடைசி வரி வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "போட்டுக்கட்டும். இந்த மூஞ்சிய மட்டும் போடக்கூடாது. எங் கல்யாணப் போட்டாவையும் பக்கத்துல போடணும்னு அதுல எழுதச் சொல்லு."

1985-ல் கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்தால் கிழிந்துவிடும் என்பதால், வெயில் படாத திண்ணையில் வைத்து, தாளோடு சேர்த்தே போனில் படம் எடுத்து அனுப்பினேன்.